திரியெஸ்தேயின் இலையுதிர்காலமும் பட்டியலில் ஏறாத மொழியும்

செப்டம்பர் முடியும் தறுவாயில் பயணப் பக்கங்களில் ஒரு பட்டியல் தவறாமல் முளைத்துவிடுகிறது. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் இருக்கும் துறைமுக நகரம் திரியெஸ்தே. அங்கு இலையுதிர்காலத்தில் செய்ய வேண்டியவை பத்து, பன்னிரண்டு, பதினைந்து என எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, உருப்படிகள் மாறுவதில்லை. கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒற்றுமைச் சதுக்கத்தில் அந்திப்பொழுது. ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்ஸிமிலியன் கட்டிய மிராமாரே வெள்ளைக் கோட்டை. நூறாண்டு கண்ட காப்பிக்கடைகள். பாலத்தின்மேல் நடந்துபோகும் கோலத்தில் வார்க்கப்பட்ட ஜேம்ஸ் ஜாய்ஸ் சிலையோடு ஒரு படம். அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று பார்கோலானா பாய்மரப் படகுப் போட்டி. கடைசியாக, நகருக்கு மேலே விரியும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில், சிவந்து நிற்கும் புதர்களுக்கிடையே, ‘ஓஸ்மிட்சா’ எனப்படும் குடியானவர் வீட்டு மதுமுற்றம்.

ஒவ்வோர் உருப்படியும் உண்மை. நம்பிப் போனவர் யாரும் ஏமாந்து திரும்பியிருக்கமாட்டார். அதனாலேயே இப்பட்டியலைக் கேள்வி கேட்பார் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி உண்டு. காப்பியின் கொதிநிலைவரை விவரிக்கும் இக்கட்டுரைகளில், அந்நகரில் இன்றும் பேசப்படும், நாளிதழும் நாடக அரங்கும் பள்ளிகளும் உடைய ஸ்லோவேனிய மொழியின் பெயர் ஏன் ஒருமுறைகூட வருவதில்லை? தமிழில் வருபவை ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி இறக்கப்பட்டவை. ஆகவே நகரின் பெயரே ‘ட்ரீயஸ்ட்’ என்று ஆங்கில வாயால் உச்சரிக்கப்பட்டு வந்து நிற்கிறது. அந்நகரத்தாரில் ஒரு சாரார் அதைத் திரியெஸ்தே என்பர். இன்னொரு சாரார் ‘ட்ர்ஸ்த்’ என்பர். பின்னதில் உயிரொலி ஒன்றும் இல்லை. ரகரமே அசையைத் தாங்கி நிற்கிறது. ஒலியனியல் வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கத் தகுந்த இப்பெயர் எந்தப் பயணக் கட்டுரையிலும் காணக் கிடைப்பதில்லை.

இது தொலைவிலுள்ள ஓர் ஊரின் வம்பு என்று தள்ளிவிட இந்திய ஆய்வாளர்களுக்கு வழியில்லை. அப்துஸ் சலாம் முயன்று நிறுவிய கோட்பாட்டு இயற்பியலுக்கான பன்னாட்டு மையம் 1964 அக்டோபரில் இந்நகரில்தான் தொடங்கியது. மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான பன்னாட்டு மையத்துக்குப் புது தில்லியிலும் திரியெஸ்தேயிலும் ஆய்வகங்கள் உள்ளன. கணிதம், இயற்பியல், உயிரியல் மாணவர்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் அங்கே போகிறார்கள். பயிலரங்கு முடிந்து கிடைக்கும் ஒற்றை ஞாயிறுக்கு என்ன செய்வது என்று தேடும்போது கையில் அகப்படுவது இந்தப் பட்டியல்தான். திரும்பி வந்து அவர்கள் எழுதும் குறிப்புகளில் அதே பத்து உருப்படிகள் மறுபடி பிறக்கின்றன. அறிவுத்துறையினரின் கைவழியாகவே இந்த மறதி ஊர் ஊராகப் பரவுகிறது என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஓஸ்மிட்சாவையே எடுத்துக்கொள்ளலாம். மேட்டுநிலக் கிராமங்களில் ஒரு குடும்பம் ஆண்டில் சில நாட்கள் மட்டும் தன் வீட்டு முற்றத்தைத் திறந்து, சொந்த மது, சொந்தப் பன்றி இறைச்சி, அவித்த முட்டை, ஊறுகாய் ஆகியவற்றை விற்கும். சாலைத் திருப்பத்தில் மரக்கம்பத்தில் ஒரு பசுங்கிளை கட்டி, அம்புக்குறி காட்டியிருப்பார்கள். கிளை இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். பட்டியல்கள் இதை ‘அசல் இத்தாலியக் கிராமிய அனுபவம்’ என்று விற்கின்றன. அந்தச் சொல்லோ ஸ்லோவேனியச் சொல். ‘ஓசெம்’ என்றால் எட்டு. சமஸ்கிருத அஷ்டத்துக்கும் இலத்தீன் ஒக்தோவுக்கும் ஒரே மூதாதையின் வழி உறவு. குடியானவர்கள் தம் விளைபொருளைத் தாமே நேரடியாக விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784-இல் ஆணையிட்டதோடு இவ்வழக்கத்தை இணைத்துச் சொல்வார்கள். எட்டு நாள் உரிமை என்பதிலிருந்து ஓஸ்மிட்சா வந்தது. முற்றத்தில் மதுவை ஊற்றித் தருபவர் பெரும்பாலும் அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர். பயணி அவரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இத்தாலியக் கிராமத்தின் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுகிறார்.

அம்மேட்டுநிலத்தின் பெயரும் அப்படியே. இத்தாலியத்தில் கார்சோ, ஸ்லோவேனியத்தில் க்ராஸ், ஜெர்மனில் கார்ஸ்ட். நீர் அரித்துக் குகையும் குழியுமாக்கிய சுண்ணாம்பு நிலத்துக்கு உலகெங்கும் புவியியலாளர் ‘கார்ஸ்ட்’ என்று பெயரிட்டது இந்த இடத்தைப் பார்த்துத்தான். அங்குள்ள குழிகளுக்கு வழங்கும் ‘தொலினா’ என்ற கலைச்சொல் ஸ்லாவிய மொழிகளில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சாதாரணச் சொல். இலையுதிர்காலத்தில் மலைச்சரிவைச் செந்தீயாக்கும் அந்தப் புதருக்கு அவ்வூரார் சொல்வது ‘ருய்’. இன்னும் ஒன்று. உலகக் கடைகளில் ஆண்டுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட போத்தல்களாக இறங்கும் நுரைமது புரொசெக்கோ. 2009-இல் அப்பெயரைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவர இத்தாலிக்குப் புரொசெக்கோ என்ற பெயருடைய ஓர் ஊர் தேவைப்பட்டது. அந்த ஊர் திரியெஸ்தேக்கு மேலே இருக்கிறது. மதுவின் எல்லைப்பகுதி அதுவரை நீட்டப்பட்டது. அவ்வூரார் தம் ஊரைப் புரொசெக் என்கிறார்கள். காட்டை வெட்டி விட்ட வழி என்னும் பொருளுடைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாக விளக்குவார்கள். ஒரு மொழியின் சொற்களை மதுப்புட்டியிலும் புவியியல் பாடநூலிலும் உணவுப் பட்டியலிலும் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டு, பேசுவோரை மட்டும் விட்டுவிடும் வித்தை இந்தப் பக்கங்களுக்குக் கைவந்த கலை.

இவ்வித்தை பயணப் பக்கங்களில் தொடங்கியதன்று. 1910-இல் ஆஸ்திரிய அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் அதன் வேர் தெரியும். அக்கணக்கெடுப்பு தாய்மொழியைக் கேட்கவில்லை. ‘பழக்கமொழி’ எது என்று கேட்டது. அன்றாடம் பிறரோடு பழகும் மொழி என்று அதற்குப் பொருள். இத்தாலிய வணிகரின் வீட்டில் சமையல் செய்யும் ஸ்லோவேனியப் பெண்ணின் பழக்கமொழி எது? துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனுடையது எது? விடையை எழுதியவர்கள் இத்தாலியத் தேசியக் கட்சியின் ஆட்சியில் இருந்த நகராட்சியின் ஊழியர்கள். முடிவு வந்ததும் ஸ்லோவேனியர் முறையிட்டனர். வியன்னா அரசு மறுஆய்வுக்கு உத்தரவிட்டது. மறுஆய்வில் ஸ்லோவேனிய மொழியினரின் எண்ணிக்கை சுமார் 20,000 கூடி ஏறத்தாழ 57,000 ஆயிற்று. நகர எல்லைக்குள் இருந்தோர் மொத்தம் ஏறத்தாழ 2,30,000. அந்த 57,000 என்பது அன்றைய லூப்லியானா நகரின் மொத்த மக்கள்தொகையைவிட மிகுதி. முதல் கணக்கில் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஒரே எழுதுகோல் வீச்சில் காணாமற்போயிருந்தனர்.

இந்தியாவில் மொழிக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு இது புதிய தந்திரமாகத் தோன்றாது. 2011 கணக்கில் போஜ்புரி பேசும் ஐந்து கோடிப் பேர் இந்தி என்ற தலைப்பின்கீழ் ஒடுக்கப்பட்டிருப்பதை அவர்கள் அறிவார்கள். கட்டம் எப்படி வரையப்பட்டிருக்கிறதோ அப்படியே மனிதர்கள் விழுகிறார்கள்.

திரியெஸ்தேயில் கட்டத்தோடு நின்றுவிடவில்லை. நகரின் நடுவே ஓபர்தான் சதுக்கம் இருக்கிறது. அந்தப் பெயரையே சற்று நின்று பார்க்கலாம். பேரரசர் பிரான்ஸ் யோசேப்பைக் கொல்லத் திட்டமிட்டதற்காக 1882 டிசம்பரில் தூக்கிலிடப்பட்ட இத்தாலியத் தேசியவாத இளைஞனின் பெயர் அது. அவன் பிறந்தபோது வைத்த பெயர் வில்ஹெல்ம் ஓபர்தாங்க். தாய் ஸ்லோவேனியப் பெண். இத்தாலியத் தேசியத்தில் முழுதாகக் கரைந்துவிட விரும்பிய அவன் வில்ஹெல்மைக் குலியெல்மோ ஆக்கி, குடும்பப் பெயரின் இறுதிக் ககரத்தையும் வெட்டி எறிந்தான். அவன் விரும்பிச் செய்துகொண்ட அந்த வெட்டைப் பின்னாளில் அரசு ஆயிரக்கணக்கானோர்மீது சட்டமாக இறக்கியது.

அச்சதுக்கத்தையொட்டி, இன்று ஃபாபியோ ஃபில்சி தெரு எனப்படும் இடத்தில், 1904-இல் நாரொத்னி தோம் எழுந்தது. ‘மக்கள் இல்லம்’ என்று அதைத் தமிழ்ப்படுத்தலாம். கட்டடக் கலைஞர் மாக்ஸ் ஃபாபியானி வரைந்தது. உள்ளே நாடக அரங்கு, சேமிப்பு வங்கி, நூலகம், காப்பிக்கடை, தங்கும் விடுதி. ஸ்லோவேனியர் என்றால் மலைமேல் மாடு மேய்ப்பவர், வேலைக்காரி, சுமைகூலி என்று நினைத்திருந்த நகரத்தின் நட்டநடுவில், பணமும் படிப்பும் கலையும் கொண்ட ஒரு நகரச் சமூகம் தன் முகத்தைக் காட்டிய கட்டடம் அது. அதுவே பொறுக்க முடியாததாயிற்று. ஸ்ப்ளிட் நகரில் இத்தாலியக் கடற்படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தியைச் சாக்காக வைத்து, 1920 ஜூலை 13 அன்று பிரான்செஸ்கோ ஜியூந்தாவின் தலைமையில் வந்த ஃபாசிசக் கும்பல் அதற்குத் தீ வைத்தது. முசோலினி ரோமாபுரியில் ஆட்சிக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. தீயைச் சதுக்கத்தில் நின்று பார்த்த சிறுவர்களில் ஆறு வயதுப் போரிஸ் பாஹோரும் ஒருவன். பின்னாளில் நாஜி முகாம்களில் அடைபட்டு மீண்டு, அவ்வனுபவத்தைத் தன் தாய்மொழியில் எழுதி, 2022-இல் 108 வயதில் மறைந்த எழுத்தாளர் அவர்.

பட்டியல்களின் செல்லப்பிள்ளை ஜேம்ஸ் ஜாய்ஸ். 1904 அக்டோபரில் நோராவோடு இந்நகரில் வந்திறங்கிய அன்றே மாலுமிகளின் தகராற்றில் சிக்கிக் காவலில் அடைபட்டார் என்ற கதையை எல்லாக் கட்டுரைகளும் சுவையாகச் சொல்கின்றன. ஆங்கிலம் கற்பித்தார், கடன் வாங்கினார், வீடு வீடாக மாறினார், பிள்ளைகளோடு திரியெஸ்தேயின் வட்டார மொழியில் பேசினார், எல்லாம் சரி. அவர் இந்நகரைக் கடைசியாகவிட்டுப் பாரிசில் போய் இறங்கிய நாள் 1920 ஜூலை 8. ஐந்தாம் நாள் மக்கள் இல்லம் எரிந்தது. ஜாய்ஸ் குடியிருந்த தெருக்களையெல்லாம் வரிசைப்படுத்தும் கட்டுரைகளில் இந்த ஐந்து நாள் இடைவெளி இடம்பெறுவதில்லை. அதைச் சொன்னால் மக்கள் இல்லம் என்று ஒன்று இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

தீக்குப் பின் வந்தது காகிதம். 1923 அக்டோபர் 1 தேதியிட்ட அரசாணை தொடக்கப் பள்ளிகளில் இத்தாலியத்தை மட்டுமே பயிற்றுமொழியாக்கியது. முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஸ்லோவேனியம் வெளியேற்றப்பட்டது. தென் தைரோல் பகுதிக்கென 1926-இல் வந்த குடும்பப் பெயர் மாற்றச் சட்டம் 1927-இல் திரியெஸ்தே வட்டாரத்துக்கும் நீட்டப்பட்டது. அச்சட்டத்தின் சொல்லாட்சி மொழியியலாளர் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. இலத்தீன் அல்லது இத்தாலிய மூலமுடையதாக அரசு கருதிய பெயரை மாற்றினால் அதற்கு ‘மீட்டளித்தல்’ என்று பெயர். மற்றவற்றை மாற்றினால் ‘இத்தாலிய வடிவுக்குக் கொணர்தல்’. திருடியவன் பொருளை உடையவனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டதற்கு இதைவிட நேர்த்தியான சான்று அரிது. செயல்முறையும் இரு வகை. ஒன்று ஒலியை வளைப்பது: ‘-இச்’ போன்ற ஸ்லாவிய விகுதியை அறுத்து, இத்தாலியக் காதுக்கு ஏற்ற உயிரெழுத்தை ஒட்டவைப்பது. மற்றொன்று பொருளை மொழிபெயர்ப்பது: வொதொபிவெத்ஸ் என்றால் நீர் குடிப்பவன், அதை பெவிலாக்வா ஆக்கினால் பொருள் அப்படியே இருக்கும், பாட்டன் மட்டும் தொலைந்துபோவான். மொழிபெயர்ப்பு ஒரு பாலம் என்று கருத்தரங்குகளில் பேசுவோர் இந்தப் பெவிலாக்வாவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இலையுதிர்காலம் என்று பட்டியல்கள் குறிப்பாகச் சொல்வதால் அந்தப் பருவத்தின் நாட்காட்டியையும் புரட்டலாம். அந்தியில் படம் எடுக்கச் சொல்லும் ஒற்றுமைச் சதுக்கத்தில்தான் 1938 செப்டம்பர் 18 அன்று முசோலினி கூட்டத்தின் முன் நின்று யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களை அறிவித்தார். 1930 செப்டம்பர் 6 அன்று பசோவிட்சா கிராமத்தையொட்டிய வெளியில் ஸ்லோவேனிய எதிர்ப்பியக்க இளைஞர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்ததும், சான் சப்பா பகுதியில் நெல் குத்தும் ஆலையாக இருந்த கட்டடத்தை முகாமாக்கினர். அடுத்த ஆண்டு அதில் பிணம் எரிக்கும் உலையும் அமைந்தது. இத்தாலிய மண்ணில் உலையோடு இருந்த நாஜி முகாம் அது ஒன்றுதான். அங்கு மாண்டோர் 3,000 முதல் 5,000 வரை என மதிப்பிடுகிறார்கள்: ஸ்லோவேனியர், குரோவேசியர், இத்தாலிய எதிர்ப்பியக்கத்தினர், யூதர். அவ்வட்டாரத்தில் நாஜிக் காவல்படையின் தலைவனாக இருந்த ஓதிலோ குளோபொச்னிக் பிறந்ததும் திரியெஸ்தேயில்தான். அவன் பெயரின் ஈற்றில் ஸ்லாவிய விகுதி அப்படியே இருந்தது.

இவற்றுக்குப் பட்டியல்களில் இடமில்லாத அதே நகரத்தில், கப்ரியேலே தன்னுன்சியோவுக்கு 2019 செப்டம்பர் 12 அன்று சிலை திறக்கப்பட்டது. அவர் படை நடத்திப் பக்கத்து ஃபியூமே நகரைக் கைப்பற்றிய நூறாவது ஆண்டு நாள் அது. குரோவேசியா எதிர்ப்புத் தெரிவித்தது. சிலையோ, பெஞ்சில் அமர்ந்து புத்தகம் படிக்கும் சாதுவான கோலத்தில் இருக்கிறது; பயணிகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் பட்டியல் எழுதுவோர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ‘பன்மொழிப் பண்பாடு’ என்பது. திரியெஸ்தே பல இனங்கள் கலந்த நகரம், கடலோர வியன்னா, நடு ஐரோப்பாவின் வாசல் என்று அவர்களே எழுதுகிறார்களே! உண்மைதான். 1719-இல் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தபின் கிரேக்கர், செர்பியர், யூதர், ஆர்மீனியர், ஜெர்மானியர் என எல்லாரும் வந்தார்கள். கால்வாய்க் கரையில் செர்பியக் கோயிலின் நீலக் குவிமாடங்கள் இன்றும் மின்னுகின்றன. ஆனால் இந்தப் பன்மையில் கொண்டாடப்படும் மொழிகள் எவை என்று பார்க்க வேண்டும். தெருவில் இன்று யாரும் பேசாத ஜெர்மனுக்கு நினைவுச்சின்னமும் இனிப்புக்கடையும் உண்டு. மரியா தெரேசாவுக்கும் புதிதாய் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தாயிற்று. உரிமை கேட்க முடியாத மொழியைக் கொண்டாடுவதில் யாருக்கும் செலவில்லை. பக்கத்து இருக்கையில் பேருந்தில் பேசப்படும் மொழி என்றால் பலகை கேட்கும், பள்ளி கேட்கும், நீதிமன்றத்தில் தன் குரலைக் கேட்கச் சொல்லும். ஸ்லோவேனியச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புச் சட்டத்தை இத்தாலியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2001-இல்தான். மேட்டுநிலக் கிராமங்களில் இருமொழிப் பலகைகளைக் காணலாம். நகர மையத்தின் தெருப் பெயர்கள் இத்தாலியத்திலேயே நிற்கின்றன.

இலக்கிய நகரம் என்ற விளம்பரத்திலும் இதே கோளாறு. ஏத்தோரே ஷ்மித்ஸ் என்ற ஜெர்மானியப் பெயருடையவர் இத்தாலோ ஸ்வேவோ, அதாவது ‘இத்தாலியச் சுவேபியர்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டதை வியக்கிறார்கள். கவிஞர் உம்பெர்த்தோ சாபா நடத்திய பழம்புத்தகக் கடைக்கு வழி சொல்கிறார்கள். அதே சாபாவுக்குப் பாலூட்டி வளர்த்தவள் ஸ்லோவேனியச் செவிலித்தாய் என்பதும், அவர் கவிதைகளில் அவள் மீண்டும் மீண்டும் வருகிறாள் என்பதும் யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. அதே ஊரில் அதே நூற்றாண்டில் ஸ்லோவேனியத்தில் எழுதிய பாஹோரை இத்தாலி பரவலாகப் படிக்கத் தொடங்கியபோது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது.

எதிர்வாதம் ஒன்று வரும். அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஸ்லோவேனியத் துயரத்தை மட்டும் சொல்லி, இத்தாலியர் பட்டதை மறைப்பானேன்? 1943-இலும் 1945-இலும் யூகோஸ்லாவியப் படையினர் பலரைக் கொன்று, இந்த மேட்டுநிலத்தின் ஆழ்குழிகளில் எறிந்தனர். 1945 மே, ஜூனில் நாற்பது நாள் அவர்கள் நகரை ஆண்டபோது பலர் இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. போருக்குப்பின் இஸ்திரியாவிலிருந்தும் தல்மாசியாவிலிருந்தும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் வீடுவாசல் விட்டு வந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளும் அலமாரிகளும் புகைப்படங்களும் பழைய துறைமுகத்தின் 18-ஆம் எண் கிடங்கில் பல பத்தாண்டுகள் பெயர்ச்சீட்டோடு அடுக்கிக் கிடந்தன. இதை மறுப்பவர் வரலாற்றைப் பேசத் தகுதியற்றவர். ஆனால் பட்டியல்களுக்கு இந்த வாதம் எவ்வகையிலும் உதவாது. அவற்றில் அந்தக் கிடங்கும் இல்லையே. இரு தரப்புத் துயரங்களையும் சமமாக மதித்ததனால் அவை மௌனமாகவில்லை. இரண்டுமே காப்பியின் சுவையைக் கெடுக்கும் என்பதனால் மௌனமாயின. 2020 ஜூலை 13 அன்று இத்தாலியக் குடியரசுத் தலைவர் மத்தரெல்லாவும் ஸ்லோவேனியக் குடியரசுத் தலைவர் பாஹோரும் (எழுத்தாளர் அல்லர், பெயர் ஒன்று) பசோவிட்சாவின் ஆழ்குழி நினைவிடத்திலும் நால்வர் நினைவிடத்திலும் கைகோத்து நின்றனர். அன்றே மக்கள் இல்லத்தை ஸ்லோவேனியச் சமூகத்துக்குத் திருப்பித்தரும் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. நாட்டுத் தலைவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கும் போக முடிந்திருக்கிறது.

மூன்று நாள் விடுமுறையில் வருபவன் தலையில் இதையெல்லாம் சுமத்தலாமா என்பது இன்னொரு வாதம். களைத்தவனுக்குக் கடலும் காப்பியும் போதும், மறுப்பில்லை. ஆனால் அப்படிப்பட்டவனுக்கு ஜாய்ஸ் எதற்கு, ஹாப்ஸ்பர்க் எதற்கு? வரலாற்றை விற்பனைக்கு வைத்தபின், வாங்குபவனுக்குச் சுமக்கத் தெம்பில்லை என்று எடையைக் குறைப்பது கடைக்காரரின் கணக்கு.

இப்பழக்கம் கடந்த காலத்தோடு நிற்கவில்லை. பார்கோலானா 1969-இல் 51 படகுகளோடு தொடங்கியது. 2018-இல், ஐம்பதாம் போட்டியில், 2,689 படகுகள் ஒரே தொடக்கக் கோட்டில் நின்றன. வளைகுடா முழுவதும் வெள்ளைப் பாய்கள். அந்த ஆண்டுக்கான சுவரொட்டியை மரீனா அப்ரமோவிச் வரைந்தார். நாம் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பது அதன் வாசகம். கடலில் அகதிகள் மூழ்கிக்கொண்டிருந்த கோடையில் அவ்வாசகம் அரசியலாகப் பட்டுவிட்டது; நகரின் துணைமேயர் அதைக் கண்டித்தார்; ஆதரவை விலக்குவோம் என்ற பேச்சும் எழுந்தது. எல்லாப் படகும் ஒரே கோட்டில் நிற்கும் போட்டிக்கு அவ்வாசகம் பொருந்தாமற்போனது எவ்வாறு என்று எந்த இலையுதிர்காலக் கட்டுரையும் விளக்கியதில்லை. 2023 அக்டோபரில் இத்தாலி ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பால்கன் நாடுகள் வழியே நடந்து வந்தவர்கள் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய தானியக் கிடங்கின் இடிபாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் உறங்கினர். 2024 ஜூனில் அவ்விடம் காலி செய்யப்பட்டது. நிலையத்துக்கு எதிரே, பேரரசி எலிசபெத்தின் சிலை நிற்கும் விடுதலைச் சதுக்கத்தில், தன்னார்வலர்கள் மாலைதோறும் அவர்களின் புண்பட்ட கால்களைக் கழுவி மருந்திட்டனர். பட்டியல் அந்தச் சதுக்கத்தில் எலிசபெத்தைப் பார்க்கச் சொல்கிறது.

அப்படியானால் இலையுதிர்காலத்தில் அங்கே போகிறவர் என்னதான் செய்வது? காப்பி குடிக்கலாம், 1914-இல் திறந்த சான் மார்க்கோ காப்பிக்கடை நன்றாகவே இருக்கும். ‘நேரோ’ என்று கேட்டால்தான் கருங்காப்பி வரும். அது அவ்வூர் வழக்கு. போரா காற்று வீசினால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். சான் சப்பாவுக்கு நகரப் பேருந்திலேயே போகலாம். கட்டடக் கலைஞர் ரொமானோ போய்க்கோ 1975-இல் எழுப்பிய கான்கிரீட் சுவர்களின் இடுக்கில் நுழையும்போது வானம் ஒரு கீற்றாகிவிடும். ஸ்லோவேனிய நிரந்தர நாடக அரங்குக்கு 1964-இல் எழுந்த சொந்தக் கட்டடம் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் அதன் பருவம் தொடங்குகிறது. மேடைக்கு மேல் இத்தாலிய வரிகள் ஓடும். இரண்டும் தெரியாதவர் மொழியின் ஒலியையாவது ஒரு மணி நேரம் கேட்கலாம். 1945-இலிருந்து வெளிவரும் ‘பிரிமோர்ஸ்கி த்நேவ்னிக்’ நாளிதழ் செய்தித்தாள் கடையில் கிடைக்கும். ஓஸ்மிட்சாவில் முட்டையும் தெரான் சிவப்புமதுவும் வாங்கியபின் ‘ஹ்வாலா’ என்று சொன்னால் ஊற்றித் தந்தவருக்கு விளங்கும். நன்றி என்பதுதான் அதற்குப் பொருள்.

ஜாய்ஸ் சிலையிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்தால் ஃபில்சி தெரு 14-ஆம் எண் வந்துவிடும். எரிந்து, திருத்தப்பட்டு, விடுதியாகி, பின் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த மக்கள் இல்லம் அது. ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டிலும் அதற்குள் இயங்கிக்கொண்டிருந்தது மொழிபெயர்ப்பாளர்களையும் உடனுரைபெயர்ப்பாளர்களையும் பயிற்றும் கல்லூரி. சலாமின் இயற்பியல் மையம் 1964-இல் தன் முதல் அலுவலகத்தைத் திறந்ததும் இதே ஓபர்தான் சதுக்கத்தில்தான். மிராமாரேயில் சொந்தக் கட்டடம் எழும்வரை அங்கேயே இருந்தது. அதன் பயிலரங்குக்குப் போகும் இந்திய மாணவர் அங்கே நின்று பார்க்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது.